கத்தி நிற்க எடுத்த நேரம்

போன மாதம் எங்கள் சர்வீஸ் கம்பெனியிலிருந்து இளங்கோ போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த இன்ஜினீயர் அவர். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பேப்பர் கட்டிங் மெஷினுக்குப் புதிய பாதுகாப்புக் கண் பொருத்திவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சீல் வெச்ச டப்பாவா வருது மேடம். மாட்டினோம், பச்சை லைட் எரிஞ்சது, கிளம்பிட்டோம். நீங்கல்லாம் இதைக் கையாலயே கட்டுனீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நெசமா?”

“ஆமா” என்றேன்.

“தப்பா கட்டிட்டா?”

அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பஸ் சத்தத்தைச் சாக்காக வைத்துப் பேச்சை முடித்துவிட்டேன். அதன் பிறகு மனசு கேட்கவில்லை. அவரும் அவரோடு இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் எம். புதுப்பட்டி. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அம்மாவின் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாகப் போகாது. பத்தாவது முடித்ததும் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. “எதை வேணும்னாலும் படி. வெடிக்காத வேலையாப் பாத்துப் படி.” பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தேன். வகுப்பில் பெண்கள் நாங்கள் மூன்று பேர். மூன்று வருடம் எப்படியோ ஓடிவிட்டது. படித்ததில் பாதி பரீட்சைக்குப் பிறகு மறந்தும் போனது.

விருதுநகர் பஜாரில் ஒரு பருப்பு மண்டிக்கு மாடியில் இருந்தது சிக்கந்தர் சாரின் சர்வீஸ் கம்பெனி. கீழே அவருடைய அண்ணன்மார்கள் துவரையும் உளுந்தும் வியாபாரம் செய்வார்கள். இவர் ஒருவர் மட்டும் குடும்பத் தொழிலுக்குப் போகாமல் ரேடியோவைப் பிரித்து, பிறகு டேப் ரெக்கார்டரைப் பிரித்து, கடைசியில் சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளின் கண்ட்ரோல் போர்டுகளுக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் வேலை கேட்டுப் போன அன்று சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு போர்டைக் கொடுத்து, “இதுல என்ன தெரியுதுன்னு சொல்லும்மா” என்றார். மூலையில் ஒரு ரெசிஸ்டர் கருகியிருந்தது. அதைச் சொன்னேன். “அதைத்தான் எல்லாரும் சொல்லுவாக. வேற?” என்றார். வேறு ஒன்றும் தெரியவில்லை என்றேன். “தெரியலன்னு சொல்லத் தெரியுது. நாளைக்கு வந்துரு.”

அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மெஷினைப் பார்க்கப் போனால் முதல் அரை மணி நேரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எதையும் தொடமாட்டார். மெஷினை ஓட்டுபவரிடம் போய், “நீங்க சொல்லுங்க, எப்ப எப்ப மக்கர் பண்ணுது?” என்று கேட்பார். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். நாங்கள் ஒரு வேலையை முடித்து, “சார், சரியாயிருச்சு” என்று போய் நின்றால் அவரிடமிருந்து வரும் ஒரே கேள்வி, “எதனால சரியாச்சு?” அதற்குப் பதில் இல்லையென்றால் அவர் கணக்கில் வேலை முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலபேர் வேலையை விட்டுப் போனார்கள்.

நான் சேர்ந்த முதல் ஆடி மாதத்தில் சாத்தூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து, எங்கள் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ், கூப்பிட்டார்கள். பெல்ட்டில் வரும் பெட்டிகளை எண்ணும் கருவி, வராத பெட்டிகளையும் சேர்த்து எண்ணுகிறதாம். எங்களிடம் ஆசிலோஸ்கோப் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒயரில் ஓடும் சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி அது. நல்ல கனம். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். வெள்ளிக்கிழமை வேறு, பஸ் முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். பக்கத்தில் வேப்பிலைக் கொத்தோடு நின்ற ஓர் அம்மா, “என்னய்யா, டி.வி. பொட்டியா?” என்று சாரிடம் கேட்டாள். “இல்லத்தா, நாடி பாக்குற மெஷின்” என்றார் அவர். அந்த அம்மா உடனே தன் மணிக்கட்டை நீட்டிவிட்டாள். சார் சிரிக்காமல், “இது கரண்டுக்கு மட்டுந்தான் பாக்கும்த்தா” என்றார்.

தீப்பெட்டி ஆபீஸில் இருந்த பெண்கள் கருவிக்குள் பேய் இருப்பதாகவே முடிவு செய்திருந்தார்கள். சார் அவர்களிடம் கேட்டதில், பெரிய காற்றாடியைப் போடும்போதெல்லாம் எண் தாவுகிறது என்று ஒரு பெண் சொன்னாள். காற்றாடி ஸ்விட்சின் பொறி, பக்கத்தில் ஓடும் சென்சார் ஒயரில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காத துள்ளலை உண்டாக்கியது. கருவி அதையும் ஒரு பெட்டி என்று நினைத்தது. சார் ஒரு சின்னக் கெபாசிட்டரை ஒயரின் முனையில் வைத்துப் பற்றவைத்தார். துள்ளலை அது விழுங்கிவிட்டது. பேய் போய்விட்டது. அந்தப் பெண்கள் எங்களுக்கு ஒரு பொட்டலம் சேவு வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு அன்று மனதில் பதிந்தது கெபாசிட்டர் மட்டும்தான். சிக்னல் ஒயரில் தேவையில்லாத இரைச்சலா, ஒரு கெபாசிட்டரை வை. இரண்டு மூன்று வருடம் அந்த வைத்தியமே எனக்குப் பலித்தது. தனியாக வேலைக்கு அனுப்பும் அளவுக்குப் பெயரும் வாங்கிவிட்டேன்.

பிறகுதான் அந்தக் கட்டிங் மெஷின் வந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகம். வெளிநாட்டில் ஓடிக் களைத்த பழைய மெஷினை வாங்கி, மின் பாகங்களை இங்கேயே யாரையோ வைத்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அடுக்கி வைத்த பேப்பரை ஆள் நீளக் கத்தி மேலிருந்து இறங்கி ஒரே வெட்டில் வெட்டும். மேசைக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓர் ஒளிக்கற்றை போகும். கை உள்ளே போனால் ஒளி மறையும், உடனே கத்தி நிற்க வேண்டும். அதைத்தான் கண் என்பார்கள். அந்தக் கண் கை உள்ளே போகாமலே கத்தியை நிறுத்திக்கொண்டிருந்தது.

மெஷினில் நின்றவர் பெயர் கருப்பசாமி. ஆமத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். பேப்பர்க் கட்டை அவர் தட்டி நேராக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டின் ஓரத்தை விரலால் விசிறி, காற்றை உள்ளே விட்டு, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். ஆயிரம் தாளும் ஒரே தாள்போல நிற்கும்.

“வாங்க தாயி, சாப்டீகளா?” என்றுதான் ஆரம்பித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “பாதி வெட்டுல நின்னுருது. அம்புட்டுக் கட்டும் பாழாப் போகுது. ஆடிப் பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டரோட மாதிரி ஆல்பம் போகணும், அதோட பட்டாசு லேபிள் ஆர்டரு வேற. மொதலாளி அந்தக் கண்ணையே அவுத்துப் போடச் சொல்லிட்டாக. நாந்தான் ரெண்டு நாள் பொறுங்கன்னு சொல்லி ஒங்களுக்கு ஆள் விடச் சொன்னேன். கண்ணு இல்லாம எனக்கு வெட்ட மனசு வரல.”

அன்று ஸ்கோப் சாரோடு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருந்தது. நான் மீட்டரும் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் மட்டும் கொண்டு போயிருந்தேன். போர்டைத் திறந்தேன், கண்ணிலிருந்து வரும் ஒயரைக் கண்டுபிடித்தேன், சாத்தூரில் சார் வைத்த அதே அளவு கெபாசிட்டரை வைத்தேன். கத்தி அப்போதும் நின்றது. பத்து மடங்கு பெரியதை வைத்தேன், நிற்பது குறைந்தது. அதற்கும் பத்து மடங்கு, பத்து மைக்ரோ வைத்தேன். அதன் பிறகு கத்தி தேவையில்லாமல் நிற்கவே இல்லை. ஐம்பது வெட்டு வெட்டிப் பார்த்தோம். கத்தி மேலே நிற்கும்போது ஒளியை என் கையால் மறைத்துப் பார்த்தேன், மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. கண் வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி எனக்குக் குளிர்ந்த கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கருப்பசாமி, “நல்லா இருக்கணும் தாயி” என்றார். நான் சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் சார் ராஜபாளையத்திலிருந்து திரும்பினார். வேலையைப் பற்றிச் சொன்னேன். “எதனால சரியாச்சு?” என்றார்.

“இரைச்சல கெபாசிட்டர் விழுங்கிருச்சு சார்.”

“எம்புட்டுப் போட்ட?”

“பத்து மைக்ரோ.”

அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதைப் பாதியிலேயே மேசையில் வைத்தார். “ஸ்கோப்ப எடு. சிவகாசிக்குப் போவோம்.”

நாங்கள் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர், அன்று நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். கருப்பசாமியிடம் சலாம் சொல்லி, “ஒரு சோதனை மட்டும் பாத்துக்கிறேன் அண்ணாச்சி” என்றார். மேசையிலிருந்த பேப்பரை எடுக்கச் சொன்னார். வீணான அட்டைகளைச் சுருட்டி, ஒரு கையின் தடிமனுக்கு நூலால் கட்டினார். ஒரு நீளக் கழியின் முனையில் அதைச் சொருகிக்கொண்டு, மெயின் ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நின்றார்.

“நீங்க பட்டன் ரெண்டையும் அமுக்குங்க. கத்தி இறங்கட்டும்.”

கத்தி பாதி தூரம் இறங்கியபோது, அவசரத்தில் ஒரு கை உள்ளே போவதுபோல, அட்டைச் சுருளை உள்ளே நீட்டினார். கத்தி நின்றது. நின்றது உண்மை. ஆனால் அட்டைச் சுருளில் பாதிக்குமேல் வெட்டிவிட்டுத்தான் நின்றது.

பக்கத்து அச்சு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அந்தக் கத்தியின் கீழே கருப்பசாமி கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார், நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளை நம்பி.

முதலாளி வந்தார். அவருக்கு அட்டையைக் காட்டினோம். “பாய், ரெண்டு நாளா அருமையா ஓடுது. நாளைக்கு லோடு போகணும். லோடு ஏறட்டும், அப்புறம் எம்புட்டு நாள் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க” என்றார்.

சார் போர்டுக்குப் போய், கத்தி மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இன்னும் எங்க வேலை முடியல மொதலாளி. முடியாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டது எங்க தப்பு.” என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எங்க தப்பு என்றுதான் சொன்னார்.

வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார். “மொதலாளிட்ட சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன். கருப்பசாமிட்ட என்ன சொல்லணும்னு நீ முடிவு பண்ணிக்க.”

மதியச் சாப்பாட்டு நேரம். கருப்பசாமி பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். முன்பு வந்தபோது எனக்கும் மூடியில் கொஞ்சம் போட்டுக் கொடுத்தவர். நான் நின்றபடியே சொன்னேன்.

“அண்ணே, மெஷின் கோளாறு இல்ல. நான் பண்ணினதுதான். கத்தி சும்மா நிக்கிறத நிறுத்த ஒரு சாமான் வெச்சேன். அதுனால கை உள்ள போனாலும் மெஷினுக்குத் தாமதமாத்தான் தெரியும். நான் அதச் சோதிக்கல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். “நேத்து ஒரு தாள் மடங்கிருச்சுன்னு உள்ள கைய விடப் போனேன்” என்றார். “அதுக்குள்ள ஒரு ஆள் கூப்பிட்டான், திரும்பிட்டேன்.” வாளியை மூடினார். சாப்பிடாமலே எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த மதியத்தைப்போல ஒரு நாளை நான் வேறு பார்க்கவில்லை. ஆனாலும் வேலை இருந்தது. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். “நீயே பாரு” என்றார்.

ஸ்கோப்பை மாட்டி ஒளியை மறைத்தேன். ஒளி மறைந்ததும் ஒயரில் மின்னழுத்தம் சட்டென்று மேலே தாவ வேண்டும். திரையில் சுவர்போல நிமிர்ந்து தெரிய வேண்டும். நான் பார்த்தது மலைச்சரிவு. பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிறைவதுபோல என் கெபாசிட்டர் நிறைந்துகொண்டிருந்தது. அது பாதிக்குமேல் நிறைந்த பிறகுதான் போர்டுக்குக் கை உள்ளே இருப்பதே தெரிந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். மனிதருக்கு அது நேரமே இல்லை. கத்திக்கு அது மூன்று விரற்கடை.

கெபாசிட்டரை எடுத்தேன். சரிவு குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. ஒயருக்கு மின்சாரம் ஊட்டும் ரெசிஸ்டரை முதலில் கட்டியவர்கள் பெரிதாகப் போட்டிருந்தார்கள், பத்து கிலோ ஓம். குழாய் சிறுத்திருந்தால் தண்ணீர் மெதுவாகத்தானே வரும். அதை ஒரு கிலோவாக மாற்றினேன். திரையில் கோடு நிமிர்ந்தது. இன்னொரு நன்மையும் கிடைத்தது. நல்ல அழுத்தத்தோடு பிடித்திருக்கும் ஒயரைச் சின்னத் துள்ளல்கள் அசைக்க முடியவில்லை.

அடுத்தது, போர்டில் சிக்னல் நுழையும் இடத்திலிருந்த ஐ.சி. சில்லு. அது பழையது, சிக்னல் பாதி உயரத்தைத் தாண்டும்போது ஒரு நடுக்கம் இருந்தாலும் ஆமா, இல்ல, ஆமா என்று தடுமாறும். அதை எடுத்துவிட்டு ஷ்மிட் ட்ரிக்கர் வகை ஐ.சி.யை வைத்தேன். அது ஏறும்போது உயரமான ஒரு கோட்டைப் பார்க்கும், இறங்கும்போது தாழ்வான வேறு கோட்டைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் சிக்னல் எவ்வளவு நடுங்கினாலும் சொன்ன சொல்லை மாற்றாது. கண்ணின் ஒயரை, கத்தியை ஓட்டும் கிளட்சின் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிரித்து, இரண்டிழையாக முறுக்கி, மெஷினின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன்.

கடைசியாக இரைச்சலின் ஊற்று. அந்தக் கிளட்சுக்கு ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், உண்டு. அதற்கு மின்சாரம் விடும் ரிலேயின் முனைகள் தேய்ந்து, கத்தி இறங்கும் அதிர்வில் விட்டுவிட்டுத் தொட்டன. ஒவ்வொரு தடவையும் காயில் ஒரு பொறியைக் கக்கியது. ரிலேயை மாற்றினேன்.

“காயிலுக்குக் குறுக்க ஒரு டையோடையும் போட்டுரு. பொறியே வராது” என்றார் சார், என் பின்னாலிருந்து.

டையோடைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

“வேணாம் சார்.”

“ஏன்?”

“பொறி வராது. ஆனா காயில்ல இருக்கிற கரண்ட் அந்த டையோடு வழியாவே சுத்திக்கிட்டு இருக்கும். கிளட்ச் லேட்டாத்தான் விடும். கண்ணு சீக்கிரம் சொல்லியும் கத்தி லேட்டா நிக்கும். நான் செஞ்ச தப்பயே வேற எடத்துல செஞ்ச மாதிரி ஆயிரும்.”

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆமா” என்றார். “எனக்குத் தோணல. அப்ப என்ன செய்யலாம்?”

இருவரும் தரையில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தோம். டையோடோடு ஜீனர் என்ற இன்னொரு வகை டையோடையும் தொடராகச் சேர்த்தால் பொறியும் அடங்கும், காயிலின் கரண்டும் சீக்கிரம் வடியும் என்று முடிவுக்கு வந்தோம். அதை மாட்டி, விடும் நேரத்தை ஸ்கோப்பில் அளந்தோம். அவரோடு வேலை பார்த்த இருபது வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் எது என்றால், அதுதான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஃபியூஸைத் திரும்ப மாட்டினோம். கருப்பசாமி எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சார் கழியை எடுக்கப் போனார்.

“கொடுங்க பாய், நான் பாக்கேன்” என்று வாங்கிக்கொண்டார்.

பட்டன் இரண்டையும் நான் அமுக்கினேன். கத்தி இறங்கியது. அவர் அட்டைச் சுருளை நீட்டினார். கத்தி அட்டைக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. இன்னொரு தடவை என்றார். நின்றது. மெதுவாக நீட்டிப் பார்த்தார், வெடுக்கென்று நீட்டிப் பார்த்தார், வலப்பக்கம், இடப்பக்கம், கத்தி கிட்டத்தட்ட கீழே வந்த பிறகு. பக்கத்து அச்சு மெஷினை நிறுத்திப் போடச் சொல்லி அப்போதும் பார்த்தார். முப்பது தடவைக்குமேல் இருக்கும். அட்டையில் ஒரு கீறல் இல்லை. பிறகு பேப்பரை ஏற்றி வெட்டினார். கத்தி ஒரு தடவைகூடச் சும்மா நிற்கவில்லை.

நான் ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் புத்தகத்தில் இரண்டு கோடுகள் அச்சடித்திருக்கும். ஒன்று எங்கள் கையெழுத்துக்கு, இன்னொன்று நிறுவனத்துக்கு. நான் போட்டேன், முதலாளி போட்டார். புத்தகத்தை மூடப் போனேன்.

“நான் எங்கன போடணும்?” என்றார் கருப்பசாமி.

“இதுல மொதலாளி போட்டாப் போதும்ண்ணே.”

“கை என்னோடதுதான?”

அவர் குரலில் கோபம் இல்லை. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்போலத்தான் கேட்டார். நான் சாரைப் பார்த்தேன். சார் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஸ்கேலை வைத்து, இரண்டு கோட்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கோடு போட்டார். கருப்பசாமி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்து, புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

“மத்தியானம் சோறு தின்னீகளோ என்னமோ” என்றார். “வாங்க, டீ குடிப்போம்.”

அந்த ரிப்போர்ட் புத்தகம் தீர்ந்ததும் அடுத்ததை அதே அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுத்தோம். புரூஃப் வந்தபோது சார் அதில் ஒரு கோட்டைச் சேர்த்து, அதன் கீழே “மெஷினில் நிற்பவர்” என்று எழுதி அனுப்பினார். கட்டுகள் வந்து சேர்ந்தன. மேலே இருந்த கட்டை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஆயிரம் தாளும் ஒரே தாள்போல இருந்தது.